முருகா என்றால் நிற்கும் கார்

உலகத்தில் எந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, என் ஞாயிற்றுக்கிழமைக்குச் சுதந்திரம் வாங்கியே தீருவது என்று எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம் நான் ஒரு தீர்மானம் போட்டேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். என் மனைவி சண்முகவடிவு அடுக்களையில் இருந்தாள்.

நான் சுயம்புலிங்கம். பனகல் பார்க் பக்கம் ஜவுளிக்கடை. வாரத்தில் ஆறு நாள், வாங்கப் போகிறவர்களுக்கும் வாங்காமல் போகிறவர்களுக்கும் சேலையை விரித்துக் காட்டி மடித்து வைக்கிறவன். எனக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள இரண்டு உண்டு. ஒன்று, தலையில் சுருள் சுருளாக இருக்கிற முடி. வருகிற பெண்கள் சேலையைப் பார்க்கும் முன் என் கிராப்பைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். இன்னொன்று, என்னுடைய மயூரா கார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மந்தைவெளியில் என் சிநேகிதன் ஜவஹர் வீட்டு மாடியில் ரம்மி. காசு கிடையாது. தோற்றவன் எல்லாருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தரவேண்டும். ஆண்டவனிடம் நான் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் ஆண்டவன் சண்முகவடிவுக்கு ஓர் அண்ணனைக் கொடுத்திருந்தான். பெயர் பொன்ராஜ். திருவான்மியூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்று கல்யாணமானவர்களுக்கெல்லாம் பிள்ளை பிறந்து, அது நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. வீடு இன்னும் ஜன்னல் உயரத்தில்தான் நின்றது. ஞாயிறு தவறாமல் சண்முகவடிவு டிபன் கேரியரோடு காரில் ஏறிவிடுவாள்.

"வாங்க மாப்ளே! நல்ல நேரத்துக்கு வந்தீய. அந்த வாளியை எடுங்க."

"மச்சான், இப்பதான உள்ள நுழையுதேன்..."

"அதான் சொல்லுதேன். வேட்டி கசங்குறதுக்குள்ள மடிச்சுக் கட்டிருங்க. செவரு புதுசு. தண்ணி ஊத்தலைன்னா வெடிப்பு விட்டுரும்."

கிணற்றில் இறைப்பதும் நான். சுவருக்கு ஊற்றுவதும் நான். மச்சான் நிழலில் நின்று, "இந்தப் பக்கம் காயுது மாப்ளே" என்று விரலால் காட்டுவார். அண்ணனும் தங்கையும் பாயை விரித்துக் கருப்பட்டிப் பணியாரம் தின்பார்கள். சாயங்காலம் திரும்பும்போது என் தோள்பட்டை எனக்குச் சொந்தமாக இருக்காது.

இந்த நிலையில்தான் மயூரா எனக்கு வழி காட்டியது.

மயூராவுக்கு வயது பதினைந்து. அதற்கு உடம்பு நல்ல உடம்பு. நரம்புதான் கோளாறு. இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அலறும். பிரேக்கை மிதித்தால் வெயில் காலத்திலும் வைப்பர் ஆடும். லஸ் முனையில் திரும்பினால் போலீஸ்காரரே ஒதுங்கி வழி விடுவார். ஒரு ஞாயிறு அடையாறு பாலத்தின் மேல் ரப்பர் பொசுங்குகிற நாற்றம் வந்து, வண்டி அப்படியே நின்றது. திருவான்மியூர் போக முடியவில்லை. சண்முகவடிவை பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "மெக்கானிக்கைப் பார்க்கிறேன்" என்று கிளம்பினேன். மெக்கானிக்கையும் பார்த்தேன். பார்த்த கையோடு மந்தைவெளிக்கும் போனேன். அன்றைக்கு ரம்மியில் நான் தோற்கவே இல்லை. பாலத்தின் மேல் எனக்கு ஞானம் பிறந்தது என்றே சொல்லவேண்டும்.

மறுநாளே தேனாம்பேட்டையில் ஷாஹுல் ஹமீதின் ஷெட்டுக்குப் போனேன். என் காருக்கு ஆரம்பம் முதல் வைத்தியம் பார்ப்பவர் அவர்தான்.

"ஷாஹுல் பாய், ஒரு சுவிட்ச் வைக்கணும்."

"எதுக்கு சார்? லைட்டுக்கா?"

"இல்லை. அமுக்கினா என்ஜின் நிக்கணும். மறுபடி அமுக்கினா கிளம்பணும். என் முழங்கால் பக்கம், கண்ணுக்குத் தெரியாம இருக்கணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓடற வண்டிய நிறுத்தறதுக்கா சார்? எல்லாரும் நின்னுகீற வண்டிய ஓட்டறதுக்கு வருவாங்க."

"காரணம் கேக்காதீங்க. யாருகிட்டயும் சொல்லவும் கூடாது."

"நா இன்னாத்துக்கு சார் சொல்லப் போறேன்? எனக்கு வேற வேல இல்ல?"

ஷாஹுலின் மனைவி குல்சும்தான் என் வீட்டுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். இதை நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை.

அப்புறம் என் வாழ்வில் ஒரு பொற்காலம். ஞாயிறு காலை நல்லபிள்ளையாகக் காரை எடுப்பேன். பாலத்தில் ஏறியதும் முழங்கால் வேலை செய்யும். வண்டி நிற்கும். இறங்குவேன். பானெட்டைத் திறப்பேன். உள்ளே பார்த்து "ச்சொச்சொச்சோ" என்பேன்.

"என்ன ஆச்சுங்க?"

"ஒயரிங் கோளாறு வடிவு. பழைய வண்டி பாரு."

"இப்ப எப்படிப் போறது?"

"போறதா? உயிரோட வீடு போய்ச் சேர்ந்தாப் போதும்."

டிபன் கேரியரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திருவான்மியூர்ப் பக்கமே பார்த்தபடி நிற்பாள். "அண்ணன் பாதையைப் பார்த்துக்கிட்டே இருப்பாவ" என்பாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். மந்தைவெளி போய்ச் சீட்டைக் கையில் எடுத்ததும் அது போய்விடும்.

இப்படியே ஆயுசு முழுக்கப் போயிருக்கும். காரைச் செய்த கம்பெனிக்காரன்தான் கெடுத்தான்.

ஒருநாள் காலை. நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். சண்முகவடிவு பேப்பரோடு வந்தாள்.

"என்னங்க, உங்க காரைக் கம்பெனிக்காரன் திருப்பிக் கூப்பிடுதான்."

"என்னத்துக்கு?"

"தீப்பிடிக்குமாம்."

"எந்த மடையன் சொன்னான்?"

"செஞ்சவனே சொல்லுதான். பேப்பர்ல போட்டிருக்கு. நம்ம வண்டி செஞ்ச வருஷத்து மயூரா எல்லாத்துலயும் ஒயருக்கு மேல சுத்தின துணி உரிஞ்சிருக்குமாம். கொண்டு வந்தா ஓசியில புது ஒயர் மாத்தித் தாரானாம். தேனாம்பேட்டையிலதான் பட்டறை."

"பதினஞ்சு வருஷம் தூங்கிட்டு இப்பத்தான் சொல்லுதானா?"

"இப்பவாவது சொன்னானே! சில பேரு உள்ளதைச் சொல்லவே மாட்டாவ."

கன்னத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தது.

"அவன் சும்மா சொல்லுவான் வடிவு. நம்ம வண்டிக்கு ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லையா? போன ஞாயித்துக்கிழமைதான ஒயரிங் கோளாறுன்னு பாலத்துல நிறுத்துனீய?"

ஒயரிங் கோளாறு என்று நானே வாரா வாரம் சாட்சி சொல்லியிருக்கிறேன். கம்பெனிக்காரன் ஒயரை உருவினால் என் சுவிட்ச் பல்லைக் காட்டும். "இது யார் வைத்தது?" என்று அவன் கேட்பான். கூடவே சண்முகவடிவும் வருவேன் என்றாள். என் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, மானமும் சேர்ந்து போய்விடும். அன்றைக்கே ஷாஹுல் ஹமீதிடம் ஓடி, சுவிட்சை அவிழ்க்கச் சொன்னேன். வெறும் மயூராவைத்தான் கம்பெனிக்குக் கொண்டு போனோம்.

அங்கே ஒரு இன்ஜினியர் பழைய ஒயர்களை உருவி எங்கள் முன்னால் போட்டார். துணியெல்லாம் கருகிக் கிடந்தது. தொட்டால் கையோடு கரி வந்தது.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க சார். பெட்ரோல் குழாயை ஒட்டியே பொறி பறந்திருக்கு. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தா நடுரோட்டுல பத்திக்கிட்டு எரிஞ்சிருக்கும்."

சண்முகவடிவு சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் அவள் என் கையைப் பிடித்ததே இல்லை. "இவிய தினமும் தனியா ஓட்டிக்கிட்டுப் போறாவளே" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இவளிடம் போய் இந்த வேலை செய்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த வெட்கம் ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தது.

ஞாயிறு வந்தது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் புது ஒயர் போட்ட மயூரா, முனகாமல் முக்காமல் ஒரே ஓட்டமாகத் திருவான்மியூரில் போய் நின்றது.

"வாங்க மாப்ளே! மேல் செவரு எழுப்பியாச்சு. இனிமே ஏணியில ஏறித்தான் ஊத்தணும்."

வாளியோடு ஏணியில் ஏறி இறங்கினேன். அடுத்த ஞாயிறும் ஏறினேன். அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் நொண்டிக்கொண்டே ஷாஹுல் ஹமீதைப் பார்க்கக் கிளம்பினேன். வாசலில் சண்முகவடிவு மறித்தாள்.

"தேனாம்பேட்டைப் பக்கமா போறீய? அப்ப இதையும் கொண்டு போங்க."

பித்தளையில் சின்னதாக ஒரு முருகன். பக்கத்தில் மயில்.

"தீயிலேருந்து காப்பாத்தின சாமிங்க. காருக்குள்ள என் சீட்டுக்கு முன்னால வைக்கணும். ஒரு சின்னச் சிவப்பு பல்பும் எரியணும். ஷாஹுல் பாய்கிட்ட விட்டா எல்லாம் செஞ்சிருவாராம். குல்சும் சொல்லிட்டா."

சாமி காரியம். வண்டியை ஷெட்டில் விட்டேன். அப்படியே ரகசியமாகக் கேட்டேன். "பாய், நம்ம பழைய சுவிட்சைத் திரும்ப மாட்டித் தரமுடியுமா?"

ஷாஹுல் தலையைச் சொறிந்தார். "அத்த இப்ப எங்கிட்ட கேக்காத சார். என் கைல இல்ல."

கம்பெனி ஒயரில் கை வைக்கப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கார் வந்தது. முருகன் சிவப்பு வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். சண்முகவடிவு ஏறியதும் மயிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு கும்பிடு போட்டேன்.

அந்த ஞாயிறு நான் ஒரு புதுப் பொய் தயார் செய்தேன்.

"வடிவு, கடையில ஸ்டாக் எடுக்கணும். உன்னை அண்ணன் வீட்டு வாசல்ல இறக்கிவிட்டுட்டு அப்படியே திரும்பிருதேன்."

"அதுக்கென்ன, போயிட்டு வாங்க" என்றாள். எனக்கே ஆச்சரியம். திருவான்மியூர் போனோம். என்ஜினை அணைக்காமல் அவள் இறங்கக் காத்திருந்தேன். அவள் முருகனைப் பார்த்தாள். "முருகா, இவியளுக்குக் கடையில வேலை சட்டுன்னு முடியணும்" என்று மயிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள்.

என்ஜின் நின்றது.

சாவியைத் திருப்பினேன். திருகினேன். கெஞ்சினேன். ஊஹூம். சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது. அதற்குள் மச்சான் வாளியோடு வந்துவிட்டார். பொழுது சாய்கிற வரை ஊற்றினேன். சாயங்காலம் அவள் ஏறி உட்கார்ந்து, "முருகா, நல்லபடியா வீடு போய்ச் சேரணும்" என்று மயிலைத் தொட்டாள். முதல் திருப்பிலேயே வண்டி உறுமியது.

அடுத்தது பனகல் பார்க்கில். என் கடைக்கு நேர் எதிர்க்கடை வாசலில் கூட்டம் அலைமோதியது. கடந்து போகும்போது சொன்னேன். "அங்க எல்லாம் பழைய சரக்கு வடிவு. நம்ம கடையில இல்லாத சேலை மெட்ராஸ்லயே கிடையாது."

"அப்படியா? முருகா!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வண்டி எதிர்க்கடை வாசலில் நின்றது. "நின்னதுதான் நின்னுட்டு. உள்ள போய்ச் சும்மா பார்த்துட்டு வாரேன்" என்று போனவள், அரக்குக் கலரில் ஒரு பட்டோடு வந்தாள். எதிர்க்கடை முதலாளி வாசல் வரை வந்து வழியனுப்பினார். "தள்ளிவிடட்டுமா அண்ணாச்சி?" என்று என்னைக் கேட்டார். அந்த வார்த்தையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். அவர் கை வைப்பதற்குள் சண்முகவடிவு முருகனைத் தொட்டாள். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது.

எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. கடையில் உட்கார்ந்து யோசித்தேன். வண்டி எப்போது நின்றது? ஸ்டாக் என்று பொய் சொன்னபோது. பழைய சரக்கு என்று பொய் சொன்னபோது. அவள் ஒன்றும் அறியாமல் சாமியைக் கும்பிடுகிறாள், சாமி என்னைப் பிடித்துக்கொள்கிறார். வண்டிக்குப் பெயரே மயூரா. மயில்! அவருடைய வாகனத்தின் பெயர் வைத்த வண்டியில் உட்கார்ந்துகொண்டு, அவர் கண்ணெதிரேயே பொய் சொன்னால் விடுவாரா? தெரிந்துபோய்விட்டது. முருகன் என் காரில் நிஜமாகவே குடியேறிவிட்டார்.

ஆனாலும் புத்தி யாரை விட்டது? அடுத்த ஞாயிறு அடையாறு பாலம் ஏறும்போது ஜவஹர் வீட்டு பஜ்ஜி வாசனை நினைவுக்கு வந்துவிட்டது. "வடிவு, எனக்குத் தலைவலி மண்டையைப் பிளக்குது. திரும்பிருவோமா?" என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஐயையோ! முருகா, இவிய தலைவலி தீரணும்."

பாலத்தின் உச்சியில், நான் வாராவாரம் நாடகமாடிய அதே இடத்தில், வண்டி நின்றது.

நான் இறங்கிவிட்டேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. எதையும் லட்சியம் செய்யாமல் காருக்கு முன்னால் போய் நின்று, கண்ணாடி வழியே தெரிந்த முருகனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"முருகா! தலைவலி பொய். ஸ்டாக் பொய். எதிர்க்கடைச் சரக்கு நல்ல சரக்கு. இனிமே ஞாயித்துக்கிழமை பொய் சொல்லமாட்டேன். வடபழனியில வந்து முடி எடுத்துக்கிடுதேன். வண்டியை விட்டுரு!"

சண்முகவடிவின் முகம் மாறிவிட்டது. அவசரமாகத் தலையை வெளியே நீட்டினாள். "முடியெல்லாம் வேண்டாங்க! ஒரு தேங்கா உடைச்சாப் போதும்."

"சும்மா இரு வடிவு. வாய் விட்டு வேண்டியாச்சு."

"நான் சொல்லுததைக் கேளுங்க, சாமி ஒண்ணும் நினைச்சுக்கிடாது..."

"சாமி விஷயத்துல குறுக்க வராதே!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சை நான் மீறியது அந்த ஒரே தடவைதான். அவள் பெருமூச்சு விட்டு, மயிலைத் தொட்டாள். நான் ஏறிச் சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

செவ்வாய்க்கிழமை வடபழனியில் என் சுருள் முடி போயிற்று. தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, திரும்புகிற வழியில் ஹாரனைச் சரிபார்க்க ஷாஹுல் ஹமீதின் ஷெட்டில் நிறுத்தினேன்.

"இன்னா சார் இது? திருப்பதியா?"

"வடபழனி" என்று ஆரம்பித்து, முருகன் மகிமையை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், வண்டிய ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினேன்.

"இப்ப அந்த மயிலு தலைய லேசா அமுக்கு."

அமுக்கினேன். நின்றது. மறுபடி அமுக்கிச் சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. பித்தளை மயிலுக்குக் கீழே என் பழைய சுவிட்ச்!

"பாய்! யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னேனே!"

"அல்லா மேல ஆணையா யார்கிட்டயும் சொல்லல சார். குல்சும்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"அது யாருகிட்டயும் இல்லையா?"

"வூட்டுக்காரி எப்டி சார் வெளி மனுஷியாவா?"

வீட்டுக்குப் போனபோது சண்முகவடிவு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"சாமி பேரைச் சொல்லி ஏமாத்தலாமா வடிவு?"

"நான் முருகான்னுதான் சொன்னேன். வேற ஒரு வார்த்தை சொன்னேனா? சாமிதான் நிறுத்துதுன்னு நீங்கதான் சொன்னீய. சரி, அந்தச் சுவிட்சை முதல்ல வச்சது யாரு?"

நான் கீரையைப் பார்த்தேன்.

"பணியாரத்தைச் சுட்டு எடுத்துக்கிட்டு அந்தப் பாலத்துல எத்தனை நாளு நின்னேன்? இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கிறது அண்ணன் ஒருத்தருதான். 'எனக்கு ரம்மி ஆடணும் வடிவு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லப் போறேன்? இந்த வாரம் போய் ஆடிட்டு வாங்க. நான் பஸ்ல போய்க்கிடுதேன்."

சுதந்திரம்! கேட்காமலே கிடைத்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். தலை பளபளவென்று மின்னியது. ஜவஹர் வீட்டு மாடியில் அத்தனை பேரும் கேட்பார்கள். இன்னா வேண்டுதல் என்பார்கள். நான் என்ன கதை சொல்வேன்? உண்மையைச் சொன்னால் ஆயுசுக்கும் மந்தைவெளிப் பக்கம் தலைகாட்ட முடியாது. காட்டுவதற்கு இருப்பதும் அந்தத் தலைதான்.

"வடிவு, கொஞ்சம் நில்லு. நானும் வாரேன்."

மயூரா எங்கேயும் நிற்காமல் திருவான்மியூர் போய்ச் சேர்ந்தது. மச்சான் வாளியோடு வாசலில் நின்றார். என் தலையைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"என்ன மாப்ளே இது?"

நான் பதில் தேடுவதற்குள் சண்முகவடிவு காரிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணே, செவுத்துக்கு ஊத்தும்போது இவிய தலையிலயும் ரெண்டு வாளி ஊத்திருங்க. புதுசு. வெடிப்பு விட்டுரும்."